பாக்கி ஏதுமில்லை

பல்கலை நகரில் என்னை இறக்கிவிட்டு
உசிலம்பட்டிக்குப் போகிறது பேருந்து.
கையில் ஒரு தாள், தாளில் பதினோரு கட்டம்.
ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் எழுதித் தரவேண்டும்
இவளிடம் எங்களுக்குப் பாக்கி ஏதுமில்லை என்று.

உடற்கல்வித் துறையில்
பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்,
"என்ன கேம் நீங்க?"
ஏழு வருசத்தில் இந்த மைதானத்தை மிதிப்பது
இன்றைக்குத்தான் சார்.
"அப்ப எதுவும் இருக்காது."
முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.
பந்து பாதி வீங்கி நின்றது.

விடுதியில் நான் தங்கியதேயில்லை. அதற்கும் ஒரு முத்திரை.
நூலகத்தில் மட்டும் ஒரு புத்தகம்,
மகள் பிறந்த வாரத்தில் திருப்பியிருக்க வேண்டியது.
அவளை இந்த வருசம் எல்.கே.ஜி.யில் விட்டிருக்கிறோம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

ஜூனில் நெறியாளர் ஓய்வு பெறுகிறார்.
அதற்குள் தராவிட்டால்
வேறொருவர், வேறொரு குழு, முதலிலிருந்து விண்ணப்பம்.
கட்டுரை இரண்டு வந்தாக வேண்டும் என்றார்கள்.
ஒன்று பதினாலு மாதம் வரிசையில் கிடந்தது,
மற்றதற்கு மொக்கராசுவின் போனஸ் போனது.
நிலத்தடி நீரில் ஃபுளோரைடு.
இருநூற்றுப் பதினாறு பாட்டில்கள்.
ஊர்ப்பெயர் போடக்கூடாது என்றார்கள்,
எண் போட்டேன்.

போன வாரம் திருட்டுச் சோதனை.
பத்துக்குள் வேண்டும்,
பத்தே முக்கால் என்றது மென்பொருள்.
அட்டவணை வெள்ளை. முடிவுகள் வெள்ளை.
நன்றியுரை மட்டும் முழுக்கச் சிவப்பு.
கணவரின் பொறுமைக்கு, பெற்றோரின் ஆசிக்கு,
தட்டச்சு செய்த குபேந்திரனின் அயராத உழைப்புக்கு:
முப்பத்தொன்பது ஆய்வேடுகளில் இருக்கிறதாம்
அதே வரிசையில்.
சத்தியமாக நான் எங்கிருந்தும் எடுக்கவில்லை.
குபேந்திரன் சிரித்தார்.
"எல்லாரும் இதத்தான்க்கா எழுதித் தருவாங்க.
நான் பேர மட்டும் மாத்துவேன்."

அங்கேயே
ஜெராக்ஸ் எந்திரத்தின் சூட்டில் நின்று திருத்தினேன்.

மொக்கராசு. மூன்று கோடைகள்
ஐஸ்பெட்டியைக் காலிடுக்கில் வைத்து மொபெட் ஓட்டியவர்.
பொறுமையெல்லாம் இல்லை.
"இந்தத் தண்ணிக்குப் போயி டாக்டர் பட்டமா" என்று
செக்கானூரணி தாண்டும்வரை
திட்டிக்கொண்டேதான் ஓட்டினார்.

மாதிரி எண் முப்பத்தேழு, ஒச்சம்மாள்.
என் வயதுதான்.
வாய் திறந்தபோது அப்படித் தெரியவில்லை, பல்லால்.
வரிசையில் நின்ற குடங்களைத் தள்ளச் சொல்லி
என் பாட்டிலை வாங்கி
நான் சொல்லாமலே மூன்று தரம் அலசி
விளிம்புவரை நிறைத்துக் கொடுத்தவள்.
"நீ எழுதிப் பெரியாளாயிருவ.
எங்களுக்கு என்ன ஏதுன்னு
ஒருக்கா வந்து சொல்லிட்டுப் போ."

அந்த வரியோடு நிறுத்திவிட்டேன்.
அடுத்து என்ன எழுதுவது?
குபேந்திரன் காத்திருந்தார், பிறகு
அவராகவே ஒரு முற்றுப்புள்ளி வைத்துச் சேமித்தார்.
ஒன்பது புள்ளி ஆறு.

இன்று மூன்றே முக்காலுக்குப் பதினோராவது முத்திரை.
கண்காணிப்பாளர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.
"க்ளீன்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல.
இனி வாய்மொழித் தேர்வுதான்."

வெளியே நாகமலைப் பாறையில் இன்னும் வெயில் இருந்தது.
ஐந்து மணிக்கு மகளைக் கூப்பிடப் போகவேண்டும்.
மொக்கராசுவுக்குப் போன் செய்து
நீ போய்க் கூப்பிட்டுக்க என்றேன்.
ஏன் என்றார். சொல்கிறேன் என்றேன்.
வீட்டுக்குப் போவதென்றால் ரோட்டைத் தாண்டவேண்டும்.
தாண்டவில்லை.

பையில் பதினோரு முத்திரையோடு
இன்னொரு துண்டுச் சீட்டு.
அதில் நானே எழுதியது: மூன்று புள்ளி எட்டு.
ஒன்றரையைத் தாண்டக்கூடாதது.

கண்டக்டர் விசிலை உதட்டிலிருந்து எடுத்தார்.
"எங்கம்மா?"
வாய்க்கு அதுதான் வந்தது.
"முப்பத்தேழு."
"முப்பத்தேழு ரூவாய்க்கெல்லாம் டிக்கெட் இல்ல.
ஊர்ப் பேரச் சொல்லுங்க."