கையெழுத்து பொருந்தவில்லை

கடைசி ஃபூஜி ஆப்பிளும் மரம் விட்டு இறங்கிய வாரம்
கவுண்ட்டி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்:
உங்கள் வாக்கு எண்ணப்படவில்லை.
உறைமேல் நீங்கள் இட்ட கையெழுத்தும்
எங்களிடம் உள்ள கையெழுத்தும்
பொருந்தவில்லை.

பொருந்தாதுதான்.
அது குடியுரிமை கிடைத்த அன்று போட்டது.
ஒப்துலியா சமுதியோ தே லாரா.
சுழியெல்லாம் சுழித்து, வாலெல்லாம் நீட்டி
மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும்
காதில் விழட்டும் என்று எழுதிய பெயர்.
இது, அதற்குப் பிறகு பதினாறு வருஷம்
பாக்கிங் பெல்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய கட்டைவிரல்.
பெயரின் முதல் வட்டமே
இப்போது மூடுவதில்லை.

எனெய்தா பாரியென்தோஸ்
பத்தொன்பது வாக்கு பின்னால் நின்றாள்.
தள்ளிய உறைகள் இருநூற்று ஆறு.
பட்டியலை வாங்கிப் படித்தோம்:
ஓரோஸ்கோ, ஊர்பினா, சால்தீவார்,
சமுதியோ, மறுபடி ஊர்பினா.
எங்கள் ஜனங்களுக்கு மட்டும்
எப்படித்தான் கை இத்தனை நடுங்குகிறதோ.

எனெய்தாவை உங்களுக்குத் தெரியாது.
பதினெட்டு வருஷம் அதே நீதிமன்றத்தில்
மொழிபெயர்ப்பாளராக நின்றவள்.
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாதாம்.
'நான்' என்றே சொல்லவேண்டுமாம். அது விதி.
ஆகவே அவள்
நான் குடித்திருக்கவில்லை என்றாள்.
நான்தான் அவனை அடித்தேன் என்றாள்.
நான் மூன்று பிள்ளை பெற்றவள்,
வாடகைக்கு எங்கே போவேன் என்றாள்,
பிள்ளையே இல்லாதவள்.
ஊரார் எல்லோருடைய நானும் அவள் வாயில்.
தன்னுடையதை மட்டும்
இரவில், சட்டப் புத்தகத்தின் ஓரத்தில்
பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

தலையெழுத்தை அழித்து எழுத முடியாது என்பார்கள்.
கையெழுத்தை எழுதலாம்:
மூன்றாம் கவுண்ட்டரில், அடையாள அட்டையோடு,
மாலை ஐந்து மணிக்குள்.
வரமுடியாதவர்களுக்கு ஒரு படிவம்.
நொயெமியின் பிக்கப்பில் ஹீட்டர் இல்லை.
படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு போனேன்,
அவையாவது சூடாக இருக்கட்டும் என்று.

ஒருத்தி கதவே திறக்கவில்லை.
முத்திரை வைத்த காகிதம் வாசலுக்கு வந்தால்
அந்த வீட்டில் விளக்கணைத்துப் பழக்கம்.
பதினெட்டு வயசுப் பையன் ஒருவனுக்குக்
கையெழுத்தே கிடையாது. பள்ளியில் சொல்லித்தரவில்லையாம்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
அச்செழுத்தில் போட்டான்.
டிரெய்லர் பார்க் கடைசி வீட்டுக்காரர் கேட்டார்:
இவள் நீதிபதியானால்
என் மகனை விட்டுவிடுவாளா?
மாட்டாள் என்றேன்.
கொஞ்ச நேரம் பனியைப் பார்த்தார்.
அப்படியென்றால் கொடு என்று
பேனாவை வாங்கினார்.

நூற்றுப் பதினோரு உறை பிழைத்தது.
எல்லாம் அவளுக்கு விழுந்ததல்ல.
எங்களிலும் சிலர் பழைய நீதிபதிக்கே போட்டிருந்தார்கள்,
அபராதத்தைத் தவணையில் கட்டவிட்டவராம்.
ஏழு வாக்கில் வென்றாள்.
அந்த ஏழில் ஒன்று என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேன்.
நூறு பேர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்.
யாரும் யாரையும் மறுப்பதில்லை.

ஜனவரியில் விடுப்பெடுத்துப் பார்க்கப் போனேன்.
வீட்டைக் காலிசெய்யும் வழக்கு.
புது மொழிபெயர்ப்பாளன், இஸ்திரி கலையாத சட்டை.
அந்தப் பெண்
இனித் தாங்கமாட்டேன் என்றாள்.
இனி விருப்பமில்லை என்றான் அவன்.
மேலே, கறுப்பு அங்கிக்குள்
ஒரு பேனா நின்றது.

எனக்குத் தெரியும்,
சரியான சொல் அவள் நாக்கின் நுனியில் இருந்தது.
அதை அவள் சொல்லக்கூடாது இப்போது.
அதுவும் விதி.
மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை
மறுபடி கேட்டுச் சொல்லட்டும் என்றாள்.
பையன் வியர்த்தான். கேட்டான்.
நான்... தாங்கமாட்டேன் என்றான்.

அந்தப் பெண் தோற்றாள்.
சட்டம் அப்படி. இரண்டு வாரம் அவகாசம்.
எனெய்தா குனிந்து
தன் பெயரை எழுதினாள்.
எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.
நான் இருந்தது கடைசி பெஞ்ச்.
காகிதத்தில் பேனா திரும்பும் ஓசை மட்டும்
அங்கிருந்தும் கேட்டது.