நான்காம் மேசை விரிப்பு

காலை ஏழு. இன்னும் இருட்டு.
எஸ்கனாபாவில் ஜனவரி விடிவதற்கு
யாரும் அவசரப்படுத்த முடியாது.
காலடியில் உப்பு நொறுங்க நடந்து
இந்த ஓட்டலுக்குள் முதல்முறையாக
முன்வாசல் வழியே வருகிறேன்,
நாற்பத்தைந்து டாலர் கட்டி.
பதினாறு வருடமாய் எனக்குப் பின்வாசல்தான்,
சலவை மூட்டைகளோடு.

சட்டையில் குத்திய அட்டையில்
லோர்னா வன்ஹாலா, துணி வாடகை.
எழுத்துப் பிழை இல்லை.
ஒன்பதாம் மேசையில் உட்கார்ந்ததும்
விரிப்பின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன்:
நீல நூல் முடிச்சு. என்னுடையதுதான்.
என் துணிமேல் கை ஊன்றத்
தயக்கமாக இருந்தது.

எஃகுத் தட்டத்தில் முட்டை ஆறுகிறது.
"போன வருஷம் பன்றி வற்றல் மூணு துண்டு.
இந்த வருஷம் ரெண்டு.
இதுக்கு மேல என்ன முன்கணிப்பு?" என்கிறார் கர்டிஸ்.
ஈமச்சடங்கு நிலையம் நடத்துபவர்.
உனக்கென்னப்பா, உன் தொழிலுக்கு ஏது மந்தம் என்று
மேசையே சிரிக்கிறது.
"ஏன் இல்லாம? இப்ப எல்லாரும் தகனம் கேக்கறாங்க.
ஓக் பெட்டி நாலு, கொட்டகையில தூங்குது."

தலைநகரிலிருந்து வந்த நிபுணர்
விளக்கை அணைக்கச் சொல்கிறார்.
திரையில் ஒரு கோடு
ஏறுகிறது, தயங்குகிறது,
இன்றைய தேதியைத் தாண்டியதும்
விசிறியாய் விரிந்துவிடுகிறது.
எண்பது சதவீத நிச்சயத்தோடு
நாம் இதற்குள் எங்கோ இருப்போமாம்.
மெதுவான தரையிறக்கம் என்றார்.
எங்கள் ஊர் விமானத்தளத்தில்
பக்கக் காற்றில் இறங்கியவர்கள்
காபியைப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குத் தெரிந்த பொருளாதாரம்
கறையாகத்தான் வரும்.
சிவப்பு ஒயின் கூடினால் நல்ல வருடம்.
கல்யாணம் குறைந்த கோடையில்
வட்ட விரிப்புகள் மடிப்புக் கலையாமல் கிடக்கும்.
காகித ஆலை ஆளைக் குறைக்கும் மாதத்தில்
கேக் கிரீம், கேக் கிரீம், கேக் கிரீம்:
வயதாகும் முன்பே ஓய்வு பெறுகிறவர்களுக்கு
வரிசையாய் விருந்து.
இதை எந்தத் திரையில் போடுவது?

கேள்வி நேரம்.
படகு பழுதுபார்க்கும் ரோலண்ட் சீபர்ட்
கைக்குட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.
"ஏப்ரலில் ரெண்டு பேரை வேலைக்கு எடுக்கணும்.
எடுக்கலாமா, கூடாதா?"
நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார்.
துடைத்தார்.
"உங்க இடத்துல நான் இருந்தா,
எனக்குத் தூக்கம் வராது."
நல்ல மனிதர்தான், பாவம்.
கூடம் முழுக்கச் சிரிப்பு, கரண்டிச் சத்தம்.
ரோலண்ட் சிரிக்கவில்லை.
நன்றி சொல்லி உட்கார்ந்தார்,
நான்காம் மேசையில்,
எனக்கு முதுகைக் காட்டியபடி.

வியாழக்கிழமை மூட்டை வந்தது.
காபி, மேப்பிள் பாகு, காபி,
யாரோ தட்டிவிட்ட ஆரஞ்சுச் சாறு.
நடுவில் ஒரு விரிப்பில்
பந்துமுனைப் பேனாவால் கணக்கு.
பதினொன்று. கூட்டல் இரண்டு. அடித்திருந்தது.
பதினொன்று. கழித்தல் ஒன்று.
அதைத் துணி கிழிகிற அளவுக்கு
அடித்திருந்தது.
அதன் கீழே ஒரு படகு.
அவசரமில்லாமல் வரைந்தது,
சுக்கான்கூட இருக்கிறது.

ஆல்கஹால் தொட்டுப் பஞ்சால் ஒற்றினால்
இந்த மை போய்விடும்.
எடுத்த பாட்டிலைத் திரும்ப வைத்தேன்.
இயந்திரம் அடுத்த சுற்றுக்குக் கத்தியது.

மார்ச் விருந்துக்கு ஓட்டலில்
நாற்பது விரிப்பு கேட்டார்கள்.
முப்பத்தொன்பதுதான் இருக்கிறது என்றேன்.