பதினாறுக்கு ஆறு

போன வருஷம் அடித்த அதே படம்தான்.
லோகேந்திரன், இரண்டு கையும் விரித்து,
பச்சைக் கையுறை, பின்னால் வலை.
கடைசி நிமிஷப் பெனால்டியைத் தட்டிவிட்ட
அந்த வலது கையை மட்டும்
கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார் கோயில் செயலாளர்.
பெரிதாக்கினேன்.
மேலே மஞ்சளில் ‘பிறையின் கோட்டை’.
தாமான் வாசலில் ஏழு மாதம் தொங்கியது,
வெயிலில் முகம் வெளுத்து
கை மட்டும் வெளுக்காமல்.

இன்று அதே கோப்பைத் திறக்கிறேன்.
வாசகம்தான் வேறு:
‘தம்பி, நாங்கள் இருக்கிறோம்.’
வியாழக்கிழமை பட்டர்வொர்த் நீதிமன்றம்.
இரண்டு வேன் பேசியாகிவிட்டது,
பசியாற நாசி லெமாக் நூறு பொட்டலம்.
மாமாக் கடையில் மைலோ டின்னில் ஓட்டை போட்டு
ஜாமீனுக்குச் சேர்க்கிறார்கள்.
பள்ளி விட்டு வரும் பிள்ளைகள்கூட
ஐம்பது சென் போட்டுவிட்டுப் போகின்றன.

கோபக்காரன், கெட்டவன் இல்லை, என்கிறார்கள்.
நிச்சயம் பண்ணின பெண்தானே,
வீட்டுக்குள் பேசி முடித்திருக்கலாம், என்கிறார்கள்.
நம்ம பையன் ஒருத்தன் மேலே வந்தால் பொறுக்காது
என்கிறார்கள்.
யாருக்குப் பொறுக்காது என்று
யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
என் மகன் அவனுடைய பழைய கையுறையைத்
தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறவன்.
‘பா, அண்ணன் அடிச்சாரா?’
‘நீ படி.’

தனலோசினிக்குத் தாடையில் கம்பி போட்டிருக்கிறது.
உறிஞ்சுகுழலில் கஞ்சி.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்
இரவு ஒன்பதே காலுக்கு வாசலில் வந்து
அவளுக்காக ஒரு நிமிஷம் நின்றுவிட்டு
பாலத்தைப் பார்க்கப் போகிறது.
ஓட்டுநர் ஹாஷிமுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை போல.
அல்லது சொல்லியும்தான் நிற்கிறானோ.

செவ்வாய் மதியம் அவள் அம்மா கடைக்கு வந்தாள்.
போலீஸ் ரிப்போர்ட், மூன்று பக்கம், நாலு செட்.
நகல் எடுப்பவன் படிக்கக் கூடாது.
ஆனால் கண்ணாடி மேல் கவிழ்க்கும்போது
இரண்டு மலாய்ச் சொல் தானாக ஏறி வந்தது:
தாங்ஙான் கானான்.
வலது கை.

இயந்திரம் இழுத்து இழுத்து வெளிச்சம் போட்டது.
திரையில் லோகேந்திரன் விரித்த கையோடு நிற்கிறான்.
மூட மறந்துவிட்டேன்.
மறந்தேனா, தெரியவில்லை.

பார்த்துக்கொண்டே நின்றாள்.
‘இது எவ்வளவு ஆகும்?’
பதினாறுக்கு ஆறு அடி, சதுர அடி இரண்டு ரிங்கிட்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, என்றேன்.
‘ஓ’ என்றாள்.
அவளுக்கு இரண்டு ரிங்கிட் நாற்பது சென்.
காசு வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
கை பழக்கத்தில் மூன்று ரிங்கிட்டை வாங்கி
அறுபது சென் மீதியை நீட்டிவிட்டது.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

பெரிய பேனருக்குக் காற்று போக வழி வேண்டும்,
இல்லையென்றால் கயிறு அறுந்துவிடும்.
கத்தியால் அரைநிலா அரைநிலாவாக வெட்டி விடுவோம்.
எங்கள் ஊர்ப் பெயரே அதுதான், பிறை.
முகத்தில் வெட்டக் கூடாது,
எழுத்தில் வெட்டக் கூடாது,
மற்ற இடமெல்லாம் நம் இஷ்டம்.
ராத்திரி பதினொன்றுக்கு ஷட்டரை இறக்கிவிட்டு
தரையில் விரித்து, முட்டி போட்டு,
அந்தக் கையில் வெட்டினேன்.
விரலுக்கு ஒன்று.

புதன் காலை கட்டினார்கள்.
அருமையாக வந்திருக்கிறது என்றார் செயலாளர்.
மூன்று மணிக்குக் கடல் காற்று எழுந்தபோது
எல்லாம் விறைத்து நிற்க
ஐந்து விரல் மட்டும் திறந்து மூடித் திறந்து
சீழ்க்கை அடித்தது.
வாசலில் நின்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நூறு கொடுத்திருக்கிறார்.
பாக்கி தொண்ணூற்றிரண்டு.
கேட்டு வாங்க வேண்டும்.