பத்தடி போதும்

மரம் எவ்வளவு உயரம் என்றார் சிராஜுதீன்.
தெரியாது என்றேன்.
மொட்டைமாடியில் நின்றால் கிளை
என் கண்ணுக்கு நேரே வரும், கைக்கு வராது.
"அப்ப மரத்தோட உயரம் வேணாம்மா.
வெட்டப்போற இடத்தோட உயரம் சொல்லுங்க."

மன்னார்குடி, பந்தலடிக்குப் பின்சந்து.
கடைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன நீளங்கள்.
ஒன்றின் நுனியில் அரிவாள் மூக்கு.
ஒன்றில் கயிற்றை இழுத்தால் கடிக்கும் கிளிவாய்.
ஒன்றில் வளைந்த ரம்பம், பல் எல்லாம் உள்பக்கம் பார்த்து,
தள்ளும்போது சும்மா இருந்து
இழுக்கும்போது மட்டும் அறுக்கும் ஜாதி.
பேட்டரியில் ஓடுவதை அவரே எடுத்துக் காட்டி
அவரே திரும்ப வைத்தார்:
"மூணரை கிலோ. தலைக்கு மேல தூக்கி
அஞ்சு நிமிஷம் நில்லுங்க, அப்புறம் விலை சொல்றேன்."

கஜாவில் தெருவே படுத்த இரவு
படுக்காமல் நின்ற மா அது.
அதற்காக நான் அதைக் கும்பிடுவதில்லை.
காய்த்து ஓய்ந்த ஆவணியில்
ஸ்டெல்லா டீச்சர் வீட்டு சோலார் தகட்டின் மேல்
மத்தியானம் இரண்டு மணிக்கே நிழலை விரிக்கிறது.
அவர் சண்டைக்கு வரவில்லை.
கரண்ட் பில்லை மடித்து
காம்பவுண்டுச் சுவரில், நான் கோலம் போடும் பக்கமாய்,
கல் வைத்துவிட்டுப் போனார்.

ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் தம்பி இளஞ்சேரன்:
அந்தக் கிளை இல்லை, அதுக்கு மேலே, வலது.
உன் வலதா, என் வலதா?
"பேசாம அடியோட எடுத்துடுக்கா."
பத்திரத்தில் பாதி அவன் பேர்.
மரத்தில் எந்தப் பாதி என்று எழுதவில்லை.

"மேல கம்பி போகுதா?"
இதைக் கேட்கும்போது மட்டும்
சிராஜுதீன் பில் எழுதுவதை நிறுத்தினார்.
போகிறது. கிளையை உரசிக்கொண்டு சர்வீஸ் வயர்.
நான் பிடித்திருந்த அலுமினியக் குழாயை
ஒன்றும் சொல்லாமல் வாங்கி உள்ளே வைத்தார்.
யாரோ ஒருவர் அவர் முகத்துக்கு வந்து
பேர் சொல்லாமல் போனார்.
பிறகு மஞ்சளாய் ஒன்று, ஃபைபர்.
"இதையும் நம்பாதீங்க.
லைன்மேன் வந்து ஃப்யூஸைப் பிடுங்கின பிறகுதான்
இது மரத்துக்கிட்டயே போகணும்."

பதினாலடிக்கு நீட்டிப் பார்க்கச் சொன்னார்.
சந்தின் குறுக்கே நீட்டினேன். ஒரு ஆட்டோ நின்றது.
மணிக்கட்டில் கிளம்பிய சின்ன நடுக்கம்
நுனிக்குப் போவதற்குள் ஒரு முழம் ஆகிவிட்டது.
நீளம் கூடக் கூடக்
கை குறைகிறது.
பத்தடிக்கு மடக்கினேன்.
ரம்பம் சொன்ன பேச்சைக் கேட்டது.
ஆட்டோக்காரர், "அதான் சரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மிச்சம் நாலடி?
டீச்சர் வீட்டு மாடியில் இருக்கிறது.
ஒன்பது வருஷமாய்ப் பக்கத்து வீடு,
அந்தப் படியில் ஏறியதில்லை நான்.
சேரன்குளம் பஸ்ஸில் மஞ்சள் குழாய்க்கு
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
எப்படிக் கேட்பது என்று
நிறுத்தம் வரும்வரை சொல்லிப் பார்த்தேன்.
கேட்டபோது, "செருப்பைக் கழட்டாதீங்க, தரை சுடும்" என்றார்.

ஞாயிறு. ஃப்யூஸ் லைன்மேன் சட்டைப்பையில்.
முதலில் கிளையின் அடிப்பக்கம் ஒரு சின்ன வெட்டு,
விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகாமலிருக்க.
பிறகு மேலிருந்து.
கிளையில் கட்டிய கயிற்றின் மறுமுனை டீச்சர் கையில்.
இடுப்பில் போன் அதிர்ந்தது, ஷார்ஜாவாக இருக்கும்.
இரண்டு கையும் குழாயில் இருந்தன.

கிளை என் வீட்டுப் பக்கமே இறங்கியது.
ஆனால் இலைக்கூட்டில் இருந்த முசுறு
ரம்பம் போன அதே வழியில்
பத்தடியையும் நடந்து
என் முழங்கைக்கு வந்தது.
குதித்தேன். குழாயை மட்டும் விடவில்லை.
டீச்சர் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்து
தோளில், கழுத்தில், பளார் பளார் என்று தட்டினார்.
"அசையாதீங்க,
காதுக்குப் பின்னால
இன்னும் ஒண்ணு."