மாறிலி

கோபியில் பஸ் ஏறும்போது மணி நாலேகால்.
பையில் இன்று திருத்தித் தந்த தாள்:
இருபத்தைந்துக்கு இருபத்திரண்டரை.
ஐந்து கணக்கிலும் வழி சரி.
ஐந்திலும் ஓரத்தில் சிவப்பு மையில்
ஒரே கேள்வி, C எங்கே?
ஒவ்வொன்றுக்கும் அரை மார்க் போயிருந்தது.

பிரமிளா மேடம் திட்டவில்லை.
வகையிட்டால் மாறிலி பூச்சியமாகிவிடும் என்றார்,
ஏழானாலும் ஏழாயிரமானாலும் தடம் இருக்காது.
திரும்பத் தொகையிடுகிறவள்
அங்கே ஒன்று இருந்திருக்கலாம் என்று
எழுதியாவது வைக்க வேண்டுமாம்.

எனக்கு வகையிடல்தான் பிடிக்கும்.
இந்தப் புள்ளியில் என்ன வேகம்,
அதைத் தாண்டி ஒன்றும் கேட்காது.
எங்கே தொடங்கினாய் என்று கேட்கவே கேட்காது.

பக்கத்து சீட்டில் ஓர் அம்மா.
பட்டுக்கூடு விற்ற பணம் போல,
சுருக்குப் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
"எந்தூருங்க அம்மிணி?"
அரியப்பம்பாளையம்.
"காலேஜா? என்ன படிக்கற?"
கணக்குங்க. முதல் வருசம்.
"அடேயப்பா! அப்பன் என்ன பண்றாரு?"
சர்க்கரை ஆலைல லோடு எறக்கறாருங்க.

காலையில்தான் அல்ஜீப்ரா வகுப்பில் பார்த்தோம்:
மூலங்கள் தெரியாமலே
கெழுக்களை வைத்து
அவற்றின் கூட்டுத்தொகையைச் சொல்லிவிடலாம்.
இவருக்குக் கூட்டுத்தொகை போதாது.
இடப்பக்கமிருந்து ஒரு கேள்வி,
வலப்பக்கமிருந்து ஒன்று,
இன்னும் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே,
மதிப்பை மட்டும் தொடாமல்.

காசிபாளையம் தாண்டியது.
ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் தண்ணீர்
நாற்று வயலுக்குள் மடை மடையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஊருக்குள்ளயா கண்ணு, இல்ல அந்தப் பக்கமா?"

பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் என்று சொல்வேன் வழக்கமாக.
அது பொய்யில்லை. ஸ்டாப்புக்கு எதிரில்
எல்லாமே இருக்கிறது.

"அந்தப் பக்கந்தானுங்க. காலனி."

"அப்படியா" என்றார்.
அதற்கு மேல் அவரிடம் கேள்வி இல்லை.
சுருக்குப் பையின் முடிச்சைச் சரிபார்த்தார்,
முன்பும் சரிபார்த்துக்கொண்டுதான் இருந்தார்,
அதற்கு நான் எதையும் சேர்க்கக்கூடாது.

தாளை எடுத்து மடியில் விரித்தேன்.
மறந்துதான் விட்டேனா ஐந்து இடத்திலும்,
இப்போது சொல்லத் தெரியவில்லை.
பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் எழுதினேன்,
கூட்டல் குறி, C.
மார்க் திரும்ப வராது என்று தெரியும்.

ஐந்தாவதை எழுதும்போது பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது.
அந்த C மட்டும் கோணலாக, ரொம்பப் பெரிதாக,
மேடத்தின் சிவப்பு மையைத் தாண்டிப் போய்விட்டது.