ரசமட்டம்

அடிஸ் அபாபாவில் நாற்காலி மாறிய சேதியை
ரேடியோ சொல்லி நான் நம்பவில்லை.
சிமெண்ட் சொன்னபோது நம்பினேன்.

செப்டம்பரில் சலம்பெஸாவில் முள்கம்பியை விலக்கினார்கள்.
மூட்டை விலை பாதிக்கு இறங்கியது.
லாரிகளில் தெஃப் மாவு வந்தது, பிளாஸ்டிக் வாளிகள் வந்தன,
செத்துவிட்டான் என்று இருபது வருஷமாய் நம்பியிருந்த
என் மச்சான் வெல்தெருஃபாயேலும் வந்தான்.

அவன் கலவை குழைத்தான், நான் கல் வைத்தேன்.
அந்தப் போரில் நீ எங்கே நின்றாய்
என்று இருவருமே கேட்கவில்லை.
ரசமட்டக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜன்னல் தலைமட்டம் எட்டியபோது டிசம்பர்.
கடுதாசி இல்லை, காரணம் இல்லை,
காலையில் சிப்பாய்கள் நின்றார்கள், அவ்வளவுதான்.
ஆணி வாங்கப் போனவன்
அந்தப் பக்கமே தங்கிவிட்டான்.

தலைநகரங்கள் இரண்டும் அப்போதும்
கைகுலுக்கியபடிதான் இருந்தன.
கைகளுக்கு நடுவே அவன் ஊர்.
இரண்டு வருஷம் கழித்து
அதே கம்பியைத் தாண்டி
என் மகனை அனுப்பினார்கள், துப்பாக்கியோடு.
மாமன் வீடு எந்தத் தெரு என்று
அவனுக்கு நான் சொல்லவில்லை.

கூரை இல்லாத அறையில்
ரசமட்டம் கிடக்கிறது.
அவன் தங்கை லெதெப்ரஹான் சில நாள் அதை எடுத்துச்
சுவர்மேல் வைத்துப் பார்க்கிறாள்.

சுவர் நேராகத்தான் இருக்கிறது.