கடன் கொப்பி

தலையிடி என்று வருகிறவர்களுக்கு
நான் சொல்வது மனப்பாடம்:
"சாப்பிட்டுட்டுப் போடுங்கோ.
மூண்டு நாளுக்கு மேல எண்டால்
முன்னுக்குத்தானே ஆஸ்பத்திரி,
ஒருக்காக் காட்டுங்கோ."
சொல்லிக்கொண்டே
மேசைக்குக் கீழே
என் பனடோல் அட்டையை
நகத்தால் கீறுவேன்.
கீறும் சத்தம் கேட்காதபடி
மின்விசிறி எப்போதும் மூன்றில்.

ஏழு வருஷமாய் இந்த மருந்துக்கடையில் நிற்கிறேன்.
எதிரே பெரியாஸ்பத்திரி மதில்.
மதிலோரம் பழத்தோலுக்குக் காத்திருக்கும்
இரண்டு மான்கள்.
திருகோணமலையில் மான்களுக்கு வீதி பழக்கம்,
வாகனம்தான் நிற்க வேண்டும்.
எனக்குத்தான் கடக்கத் தெரியவில்லை.

துண்டோடு உள்ளே போனவர்கள்
கோப்போடு வெளியே வருவதை
இங்கே நின்றே பார்த்திருக்கிறேன்.
திருக்கடலூர் அருள்தாசன்,
தனியாளாய் வள்ளம் இழுத்த தோள்,
கை விறைக்குது என்று போனார்.
இப்போது அவர்
மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை.
மற்ற நாட்களில்
அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எனக்கு அப்படி ஒன்றுமில்லை.
வலது புருவத்துக்குப் பின்னால்
யாரோ படகு எஞ்சினுக்குக் கயிறு இழுப்பார்கள்.
பற்றாது.
பற்றாது.
பிறகு பற்றும்.

வெயில் என்பேன்.
முழுகிய தலையை ஈரத்தோடு கட்டியது என்பேன்.
மகளின் ஏ.எல். சோதனை,
கடல்காற்று, கண்ணாடி, காலைச் சாப்பாடு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபல் ஒட்டி
தட்டில் அடுக்கிவிடுவேன்.
ஒட்ட ஒன்றும் அகப்படாத நாளில்
சித்தாலேப.

போன புதன்கிழமை
ஒரு துண்டில்
இடப்பக்க எழுத்துகள் இல்லை.
கண்ணைக் கசக்கினேன், இல்லை.
டொக்டர்மாரின் எழுத்தே இப்படித்தான் என்று சிரித்து
துண்டு கொண்டுவந்த பிள்ளையையே
வாசிக்கச் சொன்னேன்.
அவள் வாசித்தாள், முழுதாக.

மாதக் கடைசி.
ஜவ்பர் நானா கண்ணாடியை மூக்கில் இறக்கி
கடன் கொப்பியைக் கூட்டுகிறார்.
பாலையூற்று ரீச்சர், இன்சுலின்.
ஓட்டோ சிவநேசன், பிள்ளைக்குச் சிரப்.
கடைசிப் பக்கத்தில் நான்.
எடுத்த ஒவ்வொரு அட்டையையும்
எழுதித்தான் வைத்திருந்தேன்.
களவு என் பழக்கமில்லை,
ஒளிப்பதுதான்.

இரண்டு தரம் கூட்டினார்.
"நூத்தி எட்டு," என்றார்.
கைப்பையைத் திறந்தேன்.
"சல்லி இல்ல புள்ள. குளிசை."

பத்திரகாளி கோயிலில்
நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.
உடைக்கும்போது ஒருவராவது எண்ணிக்கொண்டிருப்பார்.
நான் எண்ணவில்லை.
ஒன்பது அட்டை என்றால் ஒன்பது,
பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்க
யாருக்குத் தோன்றும்?

என் பெயருக்குக் கீழே
சிவப்பில் ஒரு கோடு இழுத்தார்.
"ஒனக்கு இனிக் கடன் இல்ல."
ஒருவருக்கும் அவர் அப்படிச் சொல்லி
நான் கேட்டதில்லை.
சுனாமி வருஷத்துக் கடன்கள்கூடப்
பழைய கொப்பியில்
கோடு விழாமல் கிடக்கின்றன.

கடையைப் பூட்டிய பிறகு
மான்களுக்காக நின்ற ஓட்டோ
எனக்காகவும் நின்றது.
நம்பர் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று
கேற்றடிக் காவலாளியிடம் கேட்டேன்.

"ஆருக்கு?"

"கடைக்கு வாற ஒரு ஆளுக்கு."

"ஆறு மணிக்கே வரச் சொல்லுங்கோ.
வெறும் வயித்தோட வரட்டும்,
ரத்தம் எடுத்தாலும் எடுப்பினம்."

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.
அந்த ஆள்
லேசில் சொல்வழி கேட்கிற ஆள் இல்லை.